செதில் ஒட்டிய சாட்சியம்

என் மேசை இழுப்பறையில் ஒரு கார்பன் நகல் இருக்கிறது. மூன்று பக்கம். எழுத்தின் நீலம் வெளுத்துவிட்டது. சில வரிகளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது. மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு ரப்பர் முத்திரை. முத்திரைக்குக் கீழே ஒரு பெருவிரல் ரேகை. ரேகையின் ஓரத்தில், மையோடு ஒட்டிக் காய்ந்துபோன ஒரு மீன் செதில். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். இருபது வருடத்துக்கு மேலாகியும் அது உதிரவில்லை. அழிப்பதற்காகக் கட்டிவைத்த பழைய தாள்களுக்கு நடுவில் இதைக் கண்டு, ஓய்வு பெற்ற வாரத்தில் வீட்டுக்கு எடுத்துவந்தேன். அப்படி எடுத்துவந்ததும் தவறுதான். நான் செய்த தவறுகளில் அது மிகச் சிறியது என்பதால் அதைப் பற்றி மேலே சொல்லப்போவதில்லை.

நான் புதுச்சேரியில் ஒரு செஷன்ஸ் கோர்ட்டில் தட்டச்சராக இருந்தவன். சாட்சி கூண்டில் நின்று தமிழில் பேசுவார். நீதிபதி அதைக் கேட்டு ஆங்கிலத்தில் சொல்வார். அவர் சொல்வதை நான் அடிப்பேன். சாட்சி என்ன சொன்னாலும் நீதிபதியின் வாயிலிருந்து வந்தால்தான் அது தாளில் ஏறும். தட்டச்சர் தானாக ஒரு சொல் சேர்க்கக் கூடாது. சாட்சியம் முடிந்ததும் அடித்ததைச் சாட்சிக்குத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும்; பிழை இருந்தால் திருத்த வேண்டும்; அதற்குப் பிறகுதான் கையெழுத்து. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு எட்டுப் பத்துச் சாட்சிகள் வருகிற இடத்தில் யார் உட்கார்ந்து படிப்பது? அதற்காகத்தான் ரப்பர் முத்திரை செய்துவைத்திருந்தோம். ‘சாட்சிக்குப் படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்’ என்று ஒரே தட்டில் விழும்.

மற்றவர்கள் முத்திரையோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் படித்துக் காட்டிவிட்டுத்தான் முத்திரை வைப்பேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. என் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஒரு நொத்தேரிடம், அதாவது பத்திரம் எழுதிப் பதிகிற அதிகாரியிடம், எழுத்தராக இருந்தவர். அந்தக் காலத்துப் பத்திரங்களில் கையெழுத்துக்கு மேலே ‘லெக்த்யூர் ஃபேத்’ என்று இரண்டு சொல் இருக்கும். படித்துக் காட்டியாயிற்று என்று பொருள். பத்திரத்தைச் சத்தமாகப் படித்து முடிக்காமல் யாரும் பேனாவைத் தொட மாட்டார்கள். எங்கள் வீட்டில் பால்காரர் ரசீதைக்கூட அப்பா வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் வாங்கி வைப்பார். அந்த வழக்கம் என்னோடு கோர்ட்டுக்கு வந்தது. மாதா கோயில் சாமியார் வாசிப்பதுபோல் சத்தமாகப் படிக்கிறேன் என்று, வக்கீல்கள் உட்காரும் பார் ரூமில் என்னைப் ‘பூசை வைக்கிறவர்’ என்று கேலி செய்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

இனி அந்த வழக்கு. நாடெங்கும் முகம் தெரிந்த ஒரு நடிகர். பெயர் வேண்டாம். படப்பிடிப்புக்காக வரும்போதெல்லாம் தங்குவதற்குக் கருவடிக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டை எடுத்து வைத்திருந்தார். ஒரு நாள் மதியம் அந்த வீட்டின் மேல் அறையில் அவருடைய மேனேஜர் தலையில் அடிபட்டு இறந்து கிடந்தார். பத்து வருடம் நடிகரிடம் வேலை பார்த்த மனிதர். இருவருக்கும் சில மாதமாகப் பேச்சு சரியில்லை என்று சாட்சி சொல்ல ஆள் இருந்தது. காலை எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் உயிர் போயிருக்கும் என்றார் மருத்துவர். நடிகர் விடியற்காலையிலிருந்து ஏழரை மணி வரை கடற்கரைச் சாலையில் படப்பிடிப்பில் இருந்ததை நூற்றுக்கணக்கான பேர் பார்த்திருந்தார்கள். அங்கிருந்து நேராகச் சென்னைக்குப் போய்விட்டேன், அந்த வீட்டுப் பக்கமே திரும்பவில்லை என்பது அவருடைய வாதம். கார் ஓட்டியவரும் அதையே சொன்னார். அன்று காலை அவரை அந்த வீட்டு வாசலில் பார்த்ததாகச் சொன்னது உலகத்தில் ஒரே ஒருத்திதான். அந்தத் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்ற அம்மா. வழக்கில் நான்காம் சாட்சி.

அவர் சாட்சி சொல்ல வந்த நாளில் கோர்ட்டைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். மதில் மேல், மரத்தின் மேல், எதிர்க்கடை மாடியில் எல்லாம் ரசிகர்கள். மீன் விற்றுவிட்டு நேரே வந்திருந்தார் அந்த அம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். அன்னக்கூடையை உள்ளே எடுத்துப்போகக் கூடாது என்று வாசலில் போலீஸ்காரர் தடுத்திருக்கிறார். “வெளிய வச்சிட்டுப் போறேன். காணாப் போச்சின்னா உன் தொப்பியிலதான் நாளைக்கு மீனு விப்பேன், சொல்லிட்டேன்” என்று அவர் கத்தியது உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. நான் சிரித்தேன். அதற்குள் அவர் கூண்டில் வந்து நின்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் மூன்றடிகூட இருக்காது.

அரசு வக்கீல் கேட்கக் கேட்க அவர் தெளிவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நடிகர் வாசல் கேட்டைத் திறந்து வெளியே வந்ததையும், காரில் ஏறியதையும், கார் வேகமாகத் திரும்பியதால் தான் கூடையோடு சுவர் ஓரம் ஒதுங்கியதையும் சொன்னார். அரசு வக்கீல், அது எத்தனை மணிக்கு என்று கேட்டார். அந்த அம்மா சொன்னது என் காதில் இன்றும் அப்படியே இருக்கிறது. “எப்பவும் மீனு ஏலம் முடிஞ்சி ஆறரைக்கெல்லாம் அந்த வூட்ட தாண்டிடுவேன். அன்னைக்கு எங்க தெருவுல ஒரு சாவு. பொணம் எடுக்குற வரைக்கும் எங்காளுங்க கடலுக்குப் போவ மாட்டாங்க. அதனால தெக்கால தவளக்குப்பம் தாண்டிப் போயி மீனு எடுத்து பஸ்ஸுல வந்தேன். நான் அங்க வரும்போது பள்ளிக்கூடத்துல மணி அடிச்சி புள்ளைங்க உள்ள போயிட்டாங்க.”

முதல் வாக்கியம் முடிந்த நொடியில் குற்றவாளிக் கூண்டிலிருந்த நடிகர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த கூட்டம் ஓவென்று கத்தியது. போலீஸ் விரட்ட, அவர்கள் இன்னும் கத்த, அந்த அம்மா மீதியைச் சொல்லி முடித்தபோது நீதிபதி ஜன்னல் பக்கம் கையைக் காட்டிக் கோர்ட் டவாலியை அதட்டிக்கொண்டிருந்தார். சத்தம் அடங்கியதும் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: ஏலம் முடிந்து வழக்கமாகக் காலை ஆறரை மணிக்கு அந்த வீட்டைக் கடப்பேன், அன்றும் அப்படிக் கடந்தபோதுதான் குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்த்தேன். நான் அடித்தேன். அடிக்கும்போதே எனக்குத் தெரியும். ஆறரை இல்லை, பள்ளிக்கூட மணி அடித்த பிறகு, ஒன்பது மணி. ஆனால் நீதிபதி சொல்லாததை நான் சேர்க்க முடியாது. எப்படியும் கடைசியில் படித்துக் காட்டப்போகிறோம், அப்போது அந்த அம்மாவே திருத்திவிடுவார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். இதுவரை நான் செய்ததில் குற்றமில்லை.

சென்னையிலிருந்து வந்திருந்த பெரிய வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். “ஏம்மா, அவ்வளவு தூரத்துல நின்னு முகத்தப் பார்த்தேன்னு சொல்றியே, கண்ணு நல்லாத் தெரியுமா உனக்கு?” என்றார்.

“செவுள தூக்கிப் பாத்து இது இன்னைக்குப் புடிச்சதா நேத்து புடிச்சதான்னு சொல்றவ நானு. மனுச மூஞ்சி தெரியாதா?”

“இவர் நடிச்ச படம் எத்தனை பார்த்திருக்க?”

“ஒண்ணுகூட இல்ல. வெயில்ல சுத்திட்டு வந்து கால நீட்டுவனா, காசு குடுத்து உக்காந்து அழுவனா?”

“படமே பார்க்காதவளுக்கு இவர்தான்னு எப்படித் தெரிஞ்சுது?”

“எங்க வூட்டு செவுத்துல அவரு போஸ்டர ஒட்டி ஒட்டி சுண்ணாம்பே உதுந்து போச்சி. வருசத்துக்கு நாலு தபா கிழிக்கிறேன் அந்த மூஞ்சிய. எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?”

கோர்ட்டே சிரித்தது. நடிகரும் சிரித்தார். பெரிய வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டொரு கேள்வியோடு உட்கார்ந்துவிட்டார். நேரத்தைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அம்மா பள்ளிக்கூட மணியை மறுபடி சொல்லியிருப்பார். நீதிபதி என்னிடம் சொன்னதை அவர் காது கொடுத்துக் கேட்டிருந்தார் என்பதும், அதை அப்படியே விட்டுவைப்பதுதான் தனக்கு லாபம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதும் எனக்குப் பிறகுதான் விளங்கின.

மதிய இடைவேளைக்குக் கோர்ட் கலைந்தது. நான் செய்ததை இங்கே சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. அந்த நடிகர் என்றால் உயிர். காலையில் கிளம்பும்போது ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை என் பைக்குள் வைத்து, “அப்பா, அவர் கையெழுத்து வாங்காம வீட்டுக்கு வராதீங்க” என்றிருந்தாள். கொலை வழக்கில் கூண்டில் நிற்கிறவரிடம் கோர்ட் ஊழியன் கையெழுத்துக் கேட்கலாமா? கூடாது. ஆனால் அவர் பின்பக்க வராந்தா வழியாகப் போவார், அங்கே அரை நிமிடம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த அரை நிமிடம் தப்பிவிடுமே என்று என் கால்கள் பரபரத்தன. தாள்களை உருவினேன், முத்திரையை வைத்தேன், மைப்பெட்டியைத் தள்ளினேன். “இங்க ரேகை வையுங்கம்மா.” அந்த அம்மா என்னைப் பார்த்தார். “இன்னா எழுதிருக்கு சாமி?” என்று கேட்டார். “நீங்க சொன்னதுதாம்மா” என்றேன். மூலத்தில் ஒன்று, நகலில் ஒன்று என்று அழுத்தி வைத்தார். ரேகை வைத்த விரலைத் தலையில் துடைத்துக்கொண்டு கூடையைத் தேடிப் போனார். நான் பின்பக்கம் ஓடினேன். நடிகர் சிரித்துக்கொண்டே ‘அன்புடன்’ என்று எழுதி, கீழே வளைத்து ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எத்தனையோ வருடத்தில் நான் படித்துக் காட்டாமல் முத்திரை வைத்த சாட்சியம் அது ஒன்றுதான்.

அன்று மாலையே நகல் எல்லோர் கைக்கும் போயிற்று. அரசு வக்கீல் அந்த வரியைப் பார்த்தாராம். ஆளைப் பார்த்ததுதான் முக்கியம், நேரத்தை வாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாராம். போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் ‘காலையில்’ என்று மட்டும் இருந்தது. ஆகவே நேரத்துக்கு என் தாள் ஒன்றே ஆதாரம். இறுதி வாதத்தில் பெரிய வக்கீல் அந்த ஒரு வரியைத் தூக்கிப் பிடித்தார். ஆறரை மணிக்கு இந்த மனிதரை நூற்றுக்கணக்கான பேர் கடற்கரையில் பார்த்திருக்கிறார்கள். அதே ஆறரைக்குக் கருவடிக்குப்பத்தில் பார்த்தேன் என்கிறாள் இவள். இவள் யார் சொல்லிக் கொடுத்துப் பேசுகிறாள் என்று கேட்டார். நடிகர் விடுதலை ஆனார். தெருவெல்லாம் வெடி வெடித்தார்கள். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. தெரிந்தே பொய்ச் சாட்சி சொன்னதற்காக நான்காம் சாட்சி மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ்.

அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு அவர் நேரே என்னிடம்தான் வந்தார். ஆங்கிலத்தில் இருந்தது. “இத கொஞ்சம் படிச்சி சொல்லு சாமி” என்று நீட்டினார். நான் அவருக்கு முதன்முதலாகப் படித்துக் காட்டிய தாள் அதுதான். நீ பொய் சொன்னாய் என்கிற தாள். “நான் ஆறரைன்னு சொல்லலியே. சாவு வுழுந்துச்சி, தெக்கால போயி எடுத்தாந்தேன், மணி அடிச்சிட்டாங்கன்னுதான சொன்னேன். நீங்க பக்கத்துலயே உக்காந்துருந்தீங்களே” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நான் கேட்டேன் என்பது அவருக்கு ஒரு தெம்பாக இருந்தது. நானோ, “வக்கீல வச்சி சொல்லுங்கம்மா, நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல” என்றேன்.

இலவச சட்ட உதவியில் அவருக்கு ஒரு வக்கீல் கிடைத்தார். அரசும் விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்திருந்தது. சாட்சியம் படித்துக் காட்டப்படவே இல்லை என்ற விஷயத்தை அந்த வக்கீல் உயர் நீதிமன்றத்தில் எழுப்பினார். இப்படி ஒரு வழக்கில் இது பெரிய சர்ச்சை ஆயிற்று. ஒரு பக்கம், முத்திரை இருக்கும்போது வாய்ச்சொல்லை நம்பலாமா என்று கேட்டார்கள். இன்னொரு பக்கம், எல்லாக் கோர்ட்டிலும் முத்திரை மட்டும்தானே விழுகிறது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். உயர் நீதிமன்றம் எங்கள் கோர்ட்டிடம் அறிக்கை கேட்டது. நீதிபதி என்னை அறைக்குக் கூப்பிட்டார். “உம்ம கிட்ட கேக்கவே தேவையில்ல. ஆனாலும் எழுத்துல வேணும்” என்றார். இருபது வருடமாக நான் சேர்த்துவைத்திருந்த நல்ல பெயர் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ‘நான்காம் சாட்சிக்கு அவருடைய சாட்சியத்தைத் தமிழில் முழுமையாகப் படித்துக் காட்டினேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அதைத் திருத்துவதற்கு எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. நடுவில் மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். என்ன பொய் என்று விவரிக்கவில்லை. சில செபங்களைச் சொல்லச் சொன்னார் குரு. சொன்னேன். மனம் லேசானது உண்மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, நானும் மனைவியும் மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சாலையோரத்தில் மீன் வாங்க நின்றோம். அங்கே உட்கார்ந்திருந்தது அந்த அம்மா. கருவடிக்குப்பத்து வீடுகளில் யாரும் கதவைத் திறப்பதில்லை என்பதால் ஊரின் இந்தக் கோடிக்கு வந்திருந்தார். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் ஒரு சங்கரா மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னைக்குப் புடிச்சதா? இல்ல, கோர்ட்ல சத்தியம் பண்ணியே, அந்த மாதிரியா?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பெரிய வக்கீலையே மடக்கிய வாய். நான் அதன் பதிலுக்காகக் காத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மீனை வாங்கி, செவுளை விரலால் தூக்கிச் சிவப்பைக் காட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார். மீன்காரி விற்பது மீனை மட்டுமா? இன்றைக்குப் பிடித்தது என்கிற சொல்லையும் சேர்த்துத்தான் விற்கிறாள். அந்தச் சொல்லை நான் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு செவுளைக் காட்டுவதைத் தவிர அவரிடம் வேறு சாட்சி இல்லை. என்னைப் பார்த்ததும், “வாங்க சாமி. அம்மாவா? ருசியா இருக்கும், எடுத்துக்கம்மா” என்று என் மனைவியின் பைக்குள் நல்லதாகப் பார்த்துப் போட்டார்.

அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் எனக்குக் கை வரவில்லை. மனைவி என்னவென்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், கையெழுத்து நோட்டு உட்பட. சாமியாரிடம் சொல்லிவிட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். “நீங்க சாமியார்கிட்ட சொல்லி மன்னிப்பு வாங்கிட்டு வந்து மீன் கொழம்பு சாப்பிடுவீங்க. அந்தம்மா எங்க போய்ச் சொல்லும்? யாருகிட்ட வாங்கும்?” என்றாள். குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை நீதிபதியிடம் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் நேர்மையான மனிதர். பணி ஓய்வுக்கு நெருங்கியிருந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “எனக்குக் கேக்கல. உமக்குக் கேட்டுது. எழுந்து நின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா. நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?” என்றார். தட்டச்சர் குறுக்கே பேசக் கூடாது என்பது மரபு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அந்த மரபு என்னைப் படித்துக் காட்ட விடாமல் தடுக்கவில்லையே. அன்றே புதிதாக எழுதிக் கொடுத்தேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை நடந்தது. பதவி உயர்வு இனி இல்லை என்றாயிற்று. பார் ரூமில் ‘பூசை வைக்கிறவர்’ என்று அதற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதை நான் அநியாயம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

நேரம் என்கிற அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான்காம் சாட்சியை மறுபடி விசாரித்து அனுப்பும்படி உயர் நீதிமன்றம் சொன்னது. அன்று நான் கடைசி பெஞ்சில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். என் இடத்தில் ஓர் இளம்பெண் தட்டச்சு செய்தாள். அந்த அம்மா சாவையும், தெற்கே போனதையும், பள்ளிக்கூட மணியையும் மறுபடி சொன்னார். அவருடைய தெரு ஆள் ஒருவரும் பள்ளிக்கூடத்து வாட்ச்மேனும் அதையே சொன்னார்கள். முடிந்ததும் அந்தப் பெண் எழுந்து நின்று தமிழில் படித்துக் காட்டினாள். கேட்டுவிட்டு அந்த அம்மா, “இன்னொரு தபா படி கண்ணு” என்றார். நீதிபதியே சிரித்துவிட்டார். அவள் மறுபடி படித்தாள். அந்த அம்மா கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பி, என்னைப் பார்த்து, கோர்ட்டுக்கே கேட்கும்படி, “இப்பச் சரியா இருக்கு சாமி” என்றார். பொய்ச் சாட்சி நோட்டீஸ் ரத்தாயிற்று. உத்தரவின் நகலை வாங்கிக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, போஸ்டர் ஒட்டிய அதே சுவரில் அவர் மாட்டி வைத்தார்.

வழக்கு மட்டும் முடிவுக்கு வரவில்லை. மேல்முறையீட்டில் வாதம் தொடங்குவதற்கு முன்பே நடிகர் நோயில் இறந்துபோனார். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்தால் வழக்கும் அதோடு அற்றுப்போகும் என்பது சட்டம். சட்டத்தின் கண்ணில் அவர் நிரபராதியாகவே போனார். அவர் கொன்றாரா என்று எனக்குத் தெரியாது. ஒன்பது மணிக்கு அங்கே இருந்தார் என்பதால் கொன்றார் என்று ஆகிவிடாது. அந்த எட்டு மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் கேட்டுத் தீர்மானிக்க ஒரு நீதிமன்றமாவது இருந்திருக்கும். இறந்த மேனேஜரின் மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து ஜன்னலோரம் ஒரே இடத்தில் உட்காருவார். அவருக்குக் கடைசி வரை பதில் கிடைக்கவில்லை. அவரிடம் போய் நான் இன்றுவரை ஒன்றும் சொன்னதில்லை. அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதும் தெரியவில்லை. என் மற்றக் கடன்கள் ஒருவாறு தீர்ந்தன. இது தீராது. இதோடுதான் போவேன்.

மற்றபடி என் நாட்கள் நன்றாகவே இருக்கின்றன. மகள் பிரான்சில் குடும்பத்தோடு இருக்கிறாள். அந்தக் கையெழுத்துப் பக்கத்தை நான் சொன்ன அன்றே அவளாகக் கிழித்துப் போட்டாள். நான் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பல நாள் என்னோடு பேசவும் இல்லை. இப்போது ஞாயிறுதோறும் கூப்பிட்டு, என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறாள். மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. காலையில் என் வீட்டு முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். இந்தப் பக்கத்து ஜனங்கள் மனு, பத்திரம், வங்கித் தாள் என்று எதையாவது கொண்டுவருவார்கள். கையெழுத்துப் போடும் முன் படித்துச் சொல்லிவிடுவேன். அச்சில் பொடியாக இருப்பதையும் விடுவதில்லை. சிலருக்குப் பொறுமை போய்விடும். “முக்கியமானத மட்டும் சொல்லுங்க சார், பஸ் போயிடும்” என்பார்கள். எது முக்கியம் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் படித்துக்கொண்டே இருப்பேன்.

அந்த அம்மாவும் வருவார். மூலக்குளத்துக்காரர்கள் அவரிடம் செவுளைத் தூக்கிப் பார்ப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இப்போது கூடை தூக்குவதில்லை. மருமகள் உட்கார்ந்து விற்கிறாள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய் விற்கிறார். போன வாரம் முதியோர் உதவித் தொகைக்கு ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடி இழுப்பறையைத் திறந்தபோது அந்த நகல் கண்ணில் பட்டது. இத்தனை வருடத்தில் அதை நான் அவரிடம் காட்டியதே இல்லை. அன்று எடுத்து அவர் முன்னால் வைத்தேன். “இது இன்னா சாமி?” என்றார். “உங்க சாட்சியம்தாம்மா. அந்த மொத தாளு.”

அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். எழுத்தை அல்ல, அடியில் ஒட்டியிருந்ததைத்தான் பார்த்தார். நகத்தால் மெல்லத் தடவினார். “சங்கரா செதிலு” என்றார். பிறகு சிரித்தார், பல் பாதி இல்லை. “மூணு பக்கம் அடிச்சி வச்சிருக்கியே சாமி, இதுல நான் வச்சது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நீங்களா வச்சிக்கிட்டது.”

ஆமாம் என்றேன். தாளை வாங்கி, செதில் உதிராதபடி மடிக்காமல் இழுப்பறையில் வைத்து மூடினேன். அவர் பாரத்தை என் பக்கம் தள்ளினார். “படி. முழுசா படி. எனக்கு எந்த பஸ்ஸும் இல்ல” என்றார். மேலேயிருந்து தொடங்கினேன். கடைசி வரியில், ‘மேற்கண்ட விவரங்கள் எனக்குப் படித்துக் காட்டப்பட்டன’ என்று அச்சிட்டிருந்தது. அதையும் படித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பெருவிரலை நீட்டினார்.